கைவிட்டுப் போன வேலை

“பொம்பளப் புள்ளைங்களுக்குன்னு பாதி வேலைய ஒதுக்கி வெச்சா நம்ம பசங்க எங்கீங்க போவாங்க?” என்று பொரிந்தார் அர்த்தநாரி.

சேலத்து சாப்ட்வேர் கம்பெனியில் அவர் மகன் யோகேஷுக்குக் கிடைக்கவிருந்த வேலை, அந்த ஒதுக்கீட்டில் கிருத்திகா என்ற பெண்ணுக்குப் போய்விட்டது.

புதுச்சத்திரத்திலிருந்து வந்திருந்த சுவாமிநாதன் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தக் கிருத்திகா எனக்குத் தெரிஞ்ச புள்ளதானுங்க.”

“அப்படின்னா கேளுங்க, ஒரு பையன் பொழப்புல மண்ணப் போட்டமேன்னு உறுத்தலியான்னு.”

“கேக்கறனுங்க. யோகேஷுக்கும் மூணு வருசமாப் பொண்ணு அமையல. அந்தப் புள்ளையோட ஜாதகம் எங்கிட்டத்தான் இருக்குது. பொருத்தமும் பாத்துட்டேன், அமோகமா இருக்குது.” கல்யாணத் தரகரான சுவாமிநாதன் மஞ்சள் பையைத் திறந்தார்.

அர்த்தநாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கல்யாணத்துக்கப்புறம் வேலைய உட்டுப்போடாதில்லீங்க?”