ஒரு டேங்குக்கு எத்தனை நடை?

லாரியிலிருந்து கழற்றிய டர்போ விசிறியை மெக்கானிக் வீரமணி மேசைமேல் வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது சமர்த்தாகச் சுற்றியது.

"இவ்ளோதாண்ணே இது. தட்டினா சுத்தும். எஞ்சின் காத்து இழுத்தாலும் சுத்தும். அதைத் தவிர இதுக்கு வேற வேலை கிடையாது."

பாலசுந்தரத்துக்கு முகம் சுண்டிப்போனது. பாடாலூர் ஹைவேயில் கடை போட்டிருந்தவனின் பேச்சில் மயங்கி, ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இதை மாட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். காற்று சுழன்று உள்ளே போகும், டீசல் முழுசாக எரியும், மைலேஜ் எகிறும் என்று அவன் சொன்னான்.

சொன்னபடி எகிறவும் செய்தது. அதுதான் வேடிக்கை.

பாலசுந்தரத்துக்கு இருப்பது ஒரே ஒரு டிப்பர் லாரி. இந்த வருஷம் தையிலிருந்துதான் அது அரியலூர்ப் பக்கம் ஒரு புதுச் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறது. வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் செத்து மூன்று வருஷம் ஆகிறது. மாற்ற மனசு வராததால் அவர் மைலேஜை நடையில்தான் பார்ப்பார். ஒரு டேங்க் டீசலுக்கு எத்தனை நடை கல் இறங்குகிறது என்பதுதான் பேச்சு.

இருபத்தொன்றாக இருந்தது, விசிறி மாட்டிய பிறகு இருபத்தைந்தானது.

அந்த ஒரு மாதம் மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் மற்ற லாரிக்காரர்களை உட்கார வைத்து வகுப்பே எடுத்தார். அதைக் கேட்டு அய்யாக்கண்ணு என்பவரும் தன் வண்டிக்கு ஒன்று மாட்டினார். ஒரு நடைகூடக் கூடவில்லையே என்று அவர் புலம்பியபோது, முதலில் நல்ல டிரைவராகப் பார்த்து வை என்று பாலசுந்தரம் கிண்டலடித்து அனுப்பினார்.

இப்போது பத்து நாளாகப் பாலசுந்தரத்தின் வண்டியும் பழையபடி இருபத்தொன்றுக்கே வந்துவிட்டது.

"அப்ப போன மாசம் மட்டும் எப்படிய்யா கூடுச்சு?"

"வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே. எஞ்சினோட வந்த கம்பெனி டர்போவும் நல்லா இருக்கு. டீசல் எஞ்சினுக்குள்ள போனா நடை வந்துதான் ஆகணும். வெளிய போனாத்தான்..."

பாலசுந்தரத்துக்குச் சுருக்கென்றது.

டிரைவர் ராசாங்கம் எட்டு வருஷமாக அவரிடம் வண்டி ஓட்டுகிறவர். முதலாளி விசிறி மாட்டிக் கவனிக்க ஆரம்பித்ததும் பயந்துபோய் ஒரு மாதம் டீசலில் கை வைக்காமல் இருந்திருக்கிறான். பயம் தெளிந்ததும் மறுபடி இறக்கி விற்கிறான். சே, இவனைப் போய் வீட்டு ஆளாக நினைத்தோமே என்று நெஞ்சு கொதித்தது.

அன்றைக்கே பூவரசன் என்ற வேறொரு டிரைவருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வந்து சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். மனைவி கொளஞ்சியம்மாள்தான் குறுக்கே நின்றாள். எட்டு வருஷம் உழைத்தவரைக் கண்ணால் பார்க்காமல் திருடன் என்று சொல்லக்கூடாது என்றாள். சரி, கையும் களவுமாகவே பிடிக்கிறேன் என்று மறுநாள் காலை பைக்கை எடுத்தார் பாலசுந்தரம்.

எட்டரை மணிக்குச் சுரங்கத்திலிருந்து கல்லோடு வெளியே வந்த லாரியைத் தள்ளி நின்று தொடர்ந்தார். கொஞ்ச தூரத்தில் தார் ரோடு நேராக ஊருக்குள் போனது. லாரி அதில் போகவில்லை. இடது பக்கம் ஒடித்து, ஏரிக்கு அந்தப் பக்கமாகப் போகும் மண் ரோட்டில் இறங்கியது. அங்கே வீடு வாசல் எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் கருவேலங்காடுதான்.

மாட்டினான் என்று பைக்கை முறுக்கி, லாரிக்கு முன்னால் போய் நிறுத்தினார்.

"எறங்கு ராசாங்கம். கேன் எங்க?"

"எந்தக் கேனுங்க மொதலாளி?"

பாலசுந்தரமே கேபினில் ஏறினார். சீட்டுக்கு அடியில், பின்னால், தார்ப்பாய்க்குள் என்று ஓர் இடம் விடாமல் துழாவினார். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன.

"பின்ன எதுக்கு இந்த வழியில வர்ற?"

"தெனம் இப்படித்தாங்க. போகயில ரெண்டு கிலோமீட்டர், வரயில ரெண்டு கிலோமீட்டர் கூட ஆகும். சொன்னா வேணாம்பீங்கன்னுதான் சொல்லல."

"தெனமா? போன மாசம் இருபத்தஞ்சு நடை வந்துச்சே, அப்ப எப்படிப் போன?"

"அப்ப ஊருக்குள்ளதாங்க போனேன்."

"இப்ப மட்டும் ஊருக்குள்ள போறதுக்கு என்ன கேடு?"

ராசாங்கம் தலையைச் சொறிந்தார்.

"லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்கல்ல மொதலாளி. பிள்ளைங்க அந்த ரோட்டுலதான் நடந்து போவுது."