கண்ணுக்கு இன்னொரு சொல்

“இதுக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?” என்று ராஜாராம் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான்.

“முயி” என்றாள் வேண்டா.

டேப் ரிக்கார்டர் சுழன்றுகொண்டிருந்தது. மூக்கு, வாய், காது எல்லாவற்றையும் அவள் ஊரார் போலத்தான் சொல்லியிருந்தாள். கண்ணுக்கு மட்டும் முழி. அது அந்தப் பக்கத்துப் பேச்சில் முயி. அழும்போது வருவது என்ன என்று கேட்டான். “முயித் தண்ணி.” சுவரில் தொங்கிய கண்ணாடியைக் காட்டினான். “மூஞ்சி பாக்கறது” என்றாள்.

ராஜாராமுக்குப் புல்லரித்தது. மொழியியலில் டாக்டர் பட்டத்துக்காகச் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் ஊர் ஊராகச் சொல் சேகரித்து வந்தவன் அவன். கோவளத்தில் தொடங்கித் தெற்கே கடப்பாக்கம் வரை வந்தும் புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. பேராசிரியர் பொறுமை இழந்திருந்தார். எழுபத்து மூன்றாம் வருடக் கருத்தரங்கில் உருப்படியாக ஏதாவது படித்தால்தான் விரிவுரையாளர் வேலைக்குச் சிபாரிசு என்று சொல்லிவிட்டார்.

உடல் உறுப்புகளின் பெயர்கள் ஒரு மொழியில் லேசில் மாறாது என்பது மொழியியலின் ஆரம்பப் பாடம். இங்கே ‘கண்’ணே காணாமல் போயிருந்தது.

உறுதி செய்துகொள்ளப் பக்கத்து வீட்டு ஆராயியிடம் கேட்டான்.

“கண்ணுதான். வேற இன்னா சொல்லுவாங்க?” என்றாள் அவள்.

வேண்டா வேறு மாதிரி சொல்கிறாளே என்றான். மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஆராயியின் கை ஒரு கணம் நின்றது. அவள் அப்படித்தான் சொல்வாள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். வேண்டா வெளியூரில் பிறந்தவளோ என்று விசாரித்தான். இல்லை, இதே தெருவில் பிறந்து வளர்ந்தவள்தான்.

கரையோரமாக நடந்தபோது அவனுக்குச் சட்டென்று உறைத்தது. கணவன் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை. சிலர் அந்தப் பெயரில் ஒலிக்கும் சொற்களைக்கூட ஒதுக்கிவிடுவார்கள். இதுவும் அவன் வகுப்பில் படித்ததுதான். அப்படியானால் இது வட்டார வழக்கே அல்ல. கட்டுரை போயிற்று.

சோர்ந்துபோய்த் திரும்பி வந்தான். வாசலில் காசிநாதன் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாவும் அவனும் மட்டும் இருந்த வீடு அது.

“காசி, சார் வந்துகீறாரு. அந்தப் பாயப் போடு” என்று உள்ளேயிருந்து வேண்டாவின் குரல் வந்தது.

ராஜாராமுக்குப் போன உயிர் திரும்பியது. புருஷனையே வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள், எதற்கு ஒரு சொல்லை ஒதுக்கப் போகிறாள்? காசிநாதன் என்ற பெயரில் கண்ணும் இல்லை. சந்தேகம் தீர்ந்தது.

உற்சாகமாக உட்கார்ந்து, வலையின் கண் ஒன்றை விரலால் விரித்து, இதற்கு என்ன பெயர் என்று கேட்டான். வேண்டா குங்குமத்தை வகிட்டில் சரி செய்தபடி வந்து உட்கார்ந்து பார்த்தாள். “ஓட்டை” என்றாள். காசிநாதன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மீண்டும் வலையில் கை வைத்தான்.

இனி ஒன்றுதான் பாக்கி. ஊரார் சொல்லும் சொல்லை இவள் எப்படி உச்சரிக்கிறாள் என்று பதிவு செய்துவிட்டால் போதும். மற்றவர்கள் கண் என்கிறார்களே, அதை ஒரு தரம் சொல்லுங்கள் என்றான். மைக்கை இன்னும் கிட்டே நகர்த்தினான்.

“சும்மா ஒரு வார்த்தைதானே, சொல்லுங்க.”

வேண்டாவின் முகம் வெளிறியது. உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காசிநாதன் வலையைக் கீழே வைத்தான். டேப் ரிக்கார்டரைத் தானே தூக்கிக்கொண்டு, “வா சார், பஸ்சுக்கு நேரமாச்சி” என்றான்.

இருவரும் சவுக்குத் தோப்பைத் தாண்டினார்கள். ராஜாராமால் பொறுக்க முடியவில்லை.

“தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க சம்சாரத்தைக் கஷ்டப்படுத்திட்டேன் போலிருக்கு.”

காசிநாதன் நின்றான்.

“சம்சாரமா? அவங்க எங்க அண்ணி, சார். எங்க அண்ணன் கண்ணாயிரம் ஏழு வருசம் முன்னாடி புயல்ல கடலுக்குப் போனாரு, கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்துச்சி. பேரச் சொன்னா புருசன் ஆயுசு கொறஞ்சிடும்னு அண்ணி இன்னிக்கி வரைக்கும் சொல்றதில்ல.”