முழங்கை உயர ஆலமரம்

அவள் எழுந்திருப்பதற்குள் பொறுக்கிவிட வேண்டும்.

அவன் மண்டியிட்டான். மேசைமேல் சில. தரைவிரிப்பில் சில. சோபா இடுக்கில் ஒன்று. எல்லாவற்றையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

எல்லாமே பச்சை இலைகள். அதுதான் அவனைக் கலக்கியது. பழுத்து விழுந்தால் வயசு என்று நினைத்துக்கொள்ளலாம்.

அடுக்களைக் குப்பைக்கூடையில் போட முடியாது. அவள் பார்த்துவிடுவாள். ஆபீஸ் போகும் வழியில் எங்காவது உதற வேண்டும்.

பிறகு ஆலமரத் தொட்டியைத் திருப்பினான். மொட்டையான பக்கம் சுவருக்கு. இலை மிச்சமிருந்த பக்கம் அவள் உட்காரும் நாற்காலிக்கு.

ஒரு மரத்துக்கு எத்தனை பக்கம்தான் இருந்துவிடும்.

ரியாத்தில் அந்த மாதம் காற்றில் ஈரம் என்ற பேச்சே இல்லை. துவைத்துப் போட்ட சட்டை, காப்பி குடித்து முடிப்பதற்குள் விறைத்துவிடும். உதடு வெடிக்கும். தும்மினால் மூக்கில் ரத்தம் வரும். இருக்கிற ஈரத்தையும் ஏசி உறிஞ்சிவிடும் என்று எங்கோ படித்ததிலிருந்து, ஹாலில் அதை நிறுத்திவைத்திருந்தான். படுக்கையறையில் மட்டும், அதுவும் தூக்கம் பிடிக்கும்வரை, ஓடியது.

பகலில் அவள் படுக்கையறைப் பக்கமே போவதில்லை. மரத்தின் அருகில்தான் இருப்பாள்.

அகலமான தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி, தொட்டியை அதன்மேல் வைத்தான். திரைச்சீலைகளின் மேல் ஈரத் துண்டுகளைத் தொங்கவிட்டான்; ஹால் புழுங்கியது. குழாய்த் தண்ணீர் உப்பு என்று யாரோ சொல்ல, குடிக்க வாங்கிய தண்ணீரை இலைகளுக்குத் தெளித்தான். ஒருநாள் துணி காயப்போடும் கம்பிச்சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, மரத்தை அதற்குள் வைத்தான். உள்ளே ஆவி படர்ந்தது. இலைகள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரிகூட இருந்தது.

தள்ளி நின்று பார்த்தான்.

கண்ணாடிப் பெட்டி மாதிரி இருந்தது.

அவள் வருவதற்குள் பிய்த்து எறிந்தான்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அப்படியொரு பெட்டியின் முன்னால் அவள் நின்றிருக்கிறாள். உள்ளே அவர்களுடைய குழந்தை இருந்தது. பிறகு இல்லை.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்டதில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள். விமானத்தில் ஏறச் சொன்னதும் ஏறினாள். எதற்கும் ஒரு ‘ம்’. அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, கார் சிக்னலில் நின்றபோது, எதிரே செடிக்கடை வாசலில் இருந்த இந்த மரத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

“அது வேணும்.”

அவன் விலைகூடக் கேட்கவில்லை.

இதுவும் அவள் கண்முன்னால் போகக் கூடாது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. போனால் என்ன ஆகும் என்று நினைக்க ஆரம்பிக்கும்போதே எழுந்து தண்ணீர் தெளிக்கப் போய்விடுவான்.

இலை விழத் தொடங்கிய அன்றைக்கே, குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கடைக்காரரை அழைத்தான். செய்யது மசூது. கடையநல்லூர்க்காரர்.

“ஊரு மாறுனா இலையக் கொட்டத்தான் செய்யும் அண்ணாச்சி. அதுக்கு மட்டும் இந்த ஊரு பிடிக்கணுமாக்கும்? நமக்குப் பிடிச்சா வந்தோம்?” சிரித்தார். “நகத்தால பட்டைய லேசா கீறிப் பாருங்க. உள்ள பச்சை இருந்தா உசுரு இருக்கு. அப்புறம் அதுபாட்டுக்கு விட்ருங்க.”

கீறினான்.

பச்சை.

அந்த நிம்மதி மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் கீறினான். படுக்கப் போகுமுன் கீறினான். காலையில் பச்சையாக இருந்த இடம் சாயங்காலம் தவிட்டு நிறமாகிக் கிடந்தது. கீறியதால் காய்ந்ததா, மரமே காய்கிறதா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள, பக்கத்தில் இன்னொரு இடத்தைக் கீறினான்.

சுவர்ப்பக்கப் பட்டையில் கீறாத இடம் குறைந்துகொண்டே வந்தது.

இன்றும் நகத்தை வைத்தான்.

பச்சை இல்லை.

இன்னும் கீழே. இல்லை.

வேரை ஒட்டி. அழுத்திக் கீறினான். நகக்கண்ணில் பழுப்புத் தூள்.

“இன்னும் எவ்வளவு கீறுவிய?”

அவள் படுக்கையறை வாசலில் நின்றாள். கையில் அவனுடைய நேற்றைய கால்சட்டை. பையை வெளியே இழுத்துவிட்டிருந்தாள். சருகுகள் அவள் காலடியில் கொட்டின.

“நேத்து வாஷிங் மெஷின்ல தண்ணி போவ மாட்டேங்கு. தெறந்து பாத்தா பூரா இலை. ஆபீஸுக்கு ஆடு மேய்க்கவா போறிய?”

அவன் மண்டியிட்டபடியே இருந்தான். அவள் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல் வந்து மாதக்கணக்காகிவிட்டது. அசைந்தால் நின்றுவிடுமோ என்றிருந்தது.

“இல்ல... இது...” என்றான்.

அவள் வந்து தொட்டியைத் திருப்பினாள். மொட்டைக் கிளைகளும் நகத்தடங்களும் வெளிச்சத்துக்கு வந்தன. மேலிருந்து கீழே வரை நிதானமாகப் பார்த்தாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் கை நீண்டது. அவளும் கீறப்போகிறாள் என்று நினைத்தான்.

தண்டின்மேல் இருந்த அவன் கையை எடுத்துவிட்டாள்.

“ஏசியப் போடுங்க. எனக்கு வேர்த்து ஊத்துது.”

அவன் மரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நைட்டியின் கழுத்து நனைந்து ஒட்டியிருந்தது. எத்தனை நாளாக இப்படி நனைந்துகொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ரிமோட்டை எடுத்தான். விரல் அதன்மேலேயே சற்று நேரம் நின்றது.

போட்டான்.

குளிர்காற்று இறங்கியது. மேல்கிளை ஆடியது. ஓர் இலை கழன்று, மேசை விளிம்பில் பட்டு, இருவருக்கும் நடுவில் விழுந்தது.

அவன் கை தானாக நீண்டது.

“கெடக்கட்டும்” என்றாள்.