பழைய வாடிக்கையாளர்

மீசையை முதலில் எடுத்தாரா, தலைக்கு முதலில் மை பூசினாரா, சரியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு நடந்ததில் பாதி, பிறகு நினைத்து நினைத்தே இடம் மாறிப் போயிருக்கலாம்.

கண்ணாடிக்கு முன்னால் நின்றார் என்பது மட்டும் நிச்சயம்.

மகனின் நீலச் சட்டை. தோளில் கொஞ்சம் தொங்கியது.

மகன் போய் இரண்டு வருஷம். பாடாலூர் தாண்டி, எதிரே வந்த லாரி.

எல்லா இடத்திலும் சொல்லியாயிற்று. அவன் ஆபீசில், வங்கியில், ரேஷன் கடையில். கிரெடிட் கார்டு கம்பெனிக்கு மட்டும் சொல்லவில்லை.

மறதி இல்லை.

வாரத்தில் ஒரு நாள் அவர் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். பெரிதாக ஒன்றும் வாங்க மாட்டார். அரை கிலோ கொய்யா. ஒரு டார்ச் லைட். பில் வந்ததும் தன் பென்ஷனிலிருந்து கட்டிவிடுவார்.

அவர் வீடு திரும்புவதற்குள் ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் மகனின் போன் ஒலித்திருக்கும்.

அன்புள்ள தினகர், உங்கள் கார்டில்...

அவர் மனைவி அதைப் படித்திருப்பாள். கதவைத் திறக்கும்போதே முகத்தில் தெரியும்.

"பழக்கடைக்குப் போயிருக்கான்."

"ம்."

"கொய்யாவாத்தான் இருக்கும். அதைத் தவிர அவனுக்கு என்ன வாங்கத் தெரியும்?"

பையைத் திறந்து பார்ப்பாள். தான் சொன்னது சரிதான் என்று தலையாட்டிக்கொள்வாள்.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. பிணவறைக்குள் போய் அடையாளம் காட்டியவளே அவள்தான். அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

ஆனால் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

பிறகு கம்பெனி கைமாறியது.

அதுவும் அந்தப் போனுக்குத்தான் வந்தது. எங்கள் கார்டு வியாபாரம் முழுவதையும் வேறொரு நிறுவனம் வாங்கியிருக்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் கவலைப்பட வேண்டாம். வீடியோ அழைப்பில் முகம் காட்டினால் போதும், புதுக் கார்டு வீடு தேடி வரும். காட்டாதவர்களின் கணக்கு மாதக் கடைசியில் மூடப்படும்.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டை எடுக்கவில்லை.

இருபத்தொரு வயதில் கல்யாணம் ஆனவர் அவர். மகன் வளர்ந்து நின்றபோது, அண்ணன் தம்பியா என்று கேட்டவர்கள் உண்டு.

ஷேவிங் செட்டை எடுத்தார்.

போனின் திரையில் ஒரு இளம்பெண். காதில் ஹெட்செட். அவளுக்குப் பின்னால் பல குரல்கள்.

அவர் ஜன்னலைச் சாத்தியிருந்தார். மனைவி கதவோரம், திரையில் விழாத இடமாகப் பார்த்து நின்றாள்.

"மிஸ்டர் தினகர்தானே சார்?"

"ஆமா."

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. கண்ணைச் சிமிட்டுங்க."

சிமிட்டினார்.

"இடது பக்கம் திரும்புங்க. ம்ம். போட்டோவுக்கு இப்ப ரொம்ப இளைச்சிட்டீங்களே சார்."

"மஞ்சக்காமாலை."

"அய்யய்யோ. கீழாநெல்லி அரைச்சுக் குடிங்க சார். எங்க அண்ணனுக்கு அதுலதான் கேட்டுச்சு."

"சரிம்மா."

பிறந்த தேதி கேட்டாள். சொன்னார். அந்தத் தேதியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் கடுக்க நின்றவர் அவர்.

"அப்பா பேரு?"

"தணிகாசலம்."

சத்தமாகச் சொல்லிவிட்டோமோ என்று பட்டது.

"கார்டோட ஒரு இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், அதுக்கு நாமினி அப்பான்னு இருக்கு. இப்ப நாமினியையும் பாக்கணும்னு புதுசா சொல்லிருக்காங்க. அப்பாவைப் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

அவர் கதவைப் பார்த்தார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? அப்பா இருக்காங்கள்ல?"

மனைவி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டவில்லை. வேண்டாம் என்று கையும் காட்டவில்லை.

சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இல்லம்மா. தவறிட்டார்."

"ஸாரி சார். எப்ப?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப நாமினியா யாரைப் போடட்டும்?"

"அம்மாவை."

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

அவள் தானாகவே வந்து அருகில் உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவர் தோளில் கை வைத்தாள். முப்பத்தாறு வருஷத்தில் அவர் தோளில் அவள் அப்படிக் கை வைத்ததில்லை.

"சூப்பர்ம்மா. அப்படியே இருங்க."

திரை அணைந்தது. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். காப்பி கொண்டுவந்தாள்.

அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. அவர் காப்பியில் அவள் சர்க்கரை போடுவதே இல்லை. மகனுக்குத்தான் இரண்டு கரண்டி.

ஒரு வாய் குடித்தார்.

நிமிர்ந்து பார்த்தார். அவள் டம்ளர் காலியாகட்டும் என்று நின்றிருந்தாள்.

முழுக்கக் குடித்தார். அடியில் கரையாமல் கிடந்ததையும் சேர்த்து.

புதுக் கார்டு வந்துவிட்டது. வாரா வாரம் போன் ஒலிக்கிறது. மீசை முளைக்க விடுவதில்லை. காப்பி அப்படியேதான் வருகிறது. அவள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள்.

தினகர் இருக்கிறான். தணிகாசலம் இறந்துவிட்டார்.