ஏகமனதாக

கே.கே. நகர் அடுக்ககத்தின் கார் பார்க்கிங்கில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். "பூவரசன் சாரையே செக்ரட்டரியா செலக்ட் பண்ணிட்டோம்!" என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் மனைவி யமுனா மட்டும் கைதட்டவில்லை. மோட்டார் ஓடலை, லிஃப்ட் நின்னுபோச்சு என்று இனி விடிந்தால் வீட்டு வாசலில் பஞ்சாயத்துதான்.

பூவரசன் எழுந்தார். "செலக்ட் பண்ணினா எனக்கு வேண்டாங்க. ஓட்டுப் போட்டு எலெக்ட் பண்ணுங்க, அதுதான் மரியாதை. நான் வந்தா மொட்டை மாடியில வடாம் காயப்போடக் கூடாது. விருந்தாளிங்க வண்டி உள்ளே வரக் கூடாது!"

பதவி ஆசை இந்த மனுஷனை என்ன ஆட்டு ஆட்டுது என்று பல்லைக் கடித்தாள் யமுனா. போட்டிக்கு முதல் மாடி வீரமலை நின்றார். கட்டின புருஷனுக்கே துரோகமா என்று நினைத்தபடியே வீரமலை பெயரை எழுதிச் சீட்டைப் போட்டாள்.

சீட்டுகளை எண்ணியவர் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. பூவரசன் சாருக்கு ஒரு ஓட்டுகூட விழலை."

வீட்டுக்குள் வந்ததும் யமுனா திகைப்போடு கேட்டாள். "ஒண்ணுகூடவா? அப்ப உங்க ஓட்டு?"

"வீரமலைக்குத்தான்!" பூவரசன் மின்விசிறியைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார். "செலக்ட் பண்ணினா தட்ட முடியாது. எலெக்‌ஷன்னா தோத்துடலாமே! உன் ஓட்டை நினைச்சுதான் பயந்தேன். பாசத்துல எனக்குப் போட்டுடுவியோன்னு!"