மேஸ்திரி சொன்ன வழி

திராட்சை பறிப்பு அடுத்த திங்கட்கிழமை ஆரம்பம். அதற்குள் ஒரு வாரம் தென் இத்தாலியின் புல்யா மாகாணம் முழுக்கக் காரில் சுற்றப் போவதாகப் பழம் பறிக்கும் அஸ்ஸுந்தா சொன்னதும், தோட்டங்களுக்குக் கூலியாட்களை வேனில் ஏற்றிப்போகும் மேஸ்திரி கத்தால்தோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“ஏன்டியம்மா, இத்தனை வருஷம் என் வேன்ல சுத்தினது பத்தலையா?”

“இருட்டுல ஏத்தி இருட்டுல இறக்குறீங்க, மேஸ்திரி. ஒரு ஊரும் கண்ணுல பட்டதில்ல.”

“திங்கட்கிழமை நீ வரலேன்னா உன் இடத்துக்கு வேற ஆளு வந்துரும், பாத்துக்க.”

“வரட்டும். எங்கெங்க போகலாம், அதைச் சொல்லுங்க.”

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்து ரோடுகள் தன்னைவிட எவனுக்குத் தெரியும்? வரைபடத்தை விரித்தான்.

“முதல்ல ஒஸ்துனி. அப்புறம் செல்யே, பிராங்கவில்லா. ஓட்டல்ல தங்கிக் காசைக் கரியாக்காத. எல்லா ஊர்லயும் நம்மகிட்ட பழம் பறிக்கிற பொம்பளைங்க இருக்காளுக. என் பேரைச் சொல்லு. சாப்பாடு போட்டுப் படுக்கவும் இடம் குடுப்பாளுக.”

ஒவ்வொருத்தி வீட்டுக்கும் அவனே வழி சொன்னான்.

திங்கட்கிழமை விடியுமுன் வேனை எடுத்தான். ஒஸ்துனியில் ஒருத்தியும் நிற்கவில்லை. செல்யேயிலும் இல்லை. பிராங்கவில்லா முக்கில், அவன் வழி சொன்ன வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே கூட்டமாய் நின்றார்கள். முன்னால் அஸ்ஸுந்தா.

“நேரமாச்சு, ஏறுங்கடி!”

யாரும் ஏறவில்லை. அஸ்ஸுந்தா வேன் கதவருகே வந்தாள்.

“எங்க கூலியில நீங்க பிடிக்கிற பங்கு இனிமே கிடையாதுன்னு தோட்டக்காரர்கிட்ட சொல்லிட்டு வாங்க, மேஸ்திரி. அதுவரைக்கும் பழம் கொடியிலயே கிடந்து அழுகட்டும்.”