ஆபத்தே இல்லாத மரம்

காட்டில் யாருடைய கூடு அழிந்தாலும் பொதுத் தானியத்திலிருந்து இழப்பீடு கிடைக்கும். அந்தக் காப்பீட்டில் யாரைச் சேர்க்கலாம் என்று நேரில் பார்த்து முடிவு செய்வது ஆமையின் வேலை.

ஒருநாள் அணில் ஆமையைத் தன் மரத்தடிக்குக் கூட்டிப்போனது. "எங்கள் மரத்துக்கு ஓர் ஆபத்தும் கிடையாது, ஐயா."

ஆமை அண்ணாந்து பார்த்தது. "உச்சியெல்லாம் கரியாக இருக்கிறதே?"

"அது போன மழையில் விழுந்த இடி."

"மரம் ஏன் ஆடுகிறது?"

"பின்னால் யானை முதுகு சொறிகிறது. தினமும் வரும், பழகிவிட்டது."

"இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்று ஆமை கத்தியது.

"சொன்னால் சேர்ப்பீர்களா?"

"மாட்டேன்!"

"அதனால்தான் சொல்லவில்லை."

அப்போதே மரம் முறிந்து சாய்ந்தது. கூட்டிலிருந்து குதித்துத் தப்பிய குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அணில் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"இனி விழுவதற்கு மரமே இல்லை. இப்போதாவது சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.